கோட்டையம்மா தன்னைப் பூட்டிக்கொண்ட மதியம்

கோட்டையம்மா என்ற பட்டத்தை அவளுக்குக் கொடுத்தவர் கீழ்வீட்டுத் தபால்காரர். சும்மா ஒன்றும் கொடுத்துவிடவில்லை. அவள் அப்போது தன் முதல் சரித்திர நாவலில் ஒரு கோட்டை முற்றுகையை எழுதிக்கொண்டிருந்தாள். மதில்மேல் நிற்கிற வீரர்கள், ஏணி வைத்து ஏறிவருகிறவர்கள் தலையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றவேண்டிய கட்டம். எழுதும்போதே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அத்தனை உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் கீழே வந்து சேரும்போதும் சூடாக இருக்குமா, இல்லை வழியிலேயே ஆறிப்போகுமா? சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு வாளி வெந்நீரோடு மொட்டைமாடிக்குப் போய் எட்டிக்கூடப் பார்க்காமல் கவிழ்த்தாள். அது தபால்காரர் வீட்டுப் பால்கனியில் உலர்ந்துகொண்டிருந்த சீருடைமேலும், அதை எடுக்க வந்த அவர் முழங்கைமேலும் போய் இறங்கியது. தண்ணீர் அவ்வளவாக ஆறவில்லை என்று தபால்காரரே தெருவுக்கெல்லாம் கேட்கும்படி சாட்சி சொன்னார். அன்றைக்கு அவர் வாயில் வந்த பெயர்தான் கோட்டையம்மா. திட்டாக ஆரம்பித்தது, நாளடைவில் செல்லப்பெயராகி ஒட்டிக்கொண்டது.

கையால் செய்து பார்க்காத எதையும் எழுதமாட்டேன் என்பது அவள் கொள்கை. கொள்கை அவளுடையது, அவஸ்தை வீட்டாருடையது. இரும்புத் தலைக்கவசம் போட்டவன் காதில் தளபதியின் கட்டளை விழுமா என்று தெரியவேண்டியிருந்தபோது, அவள் கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், மேல்வீட்டில் குடியிருக்கிற நாத்தனார் மாடிப்படியில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கத்திப் பழக்கம் உண்டு. காயம்பட்ட மன்னனை ஒரே ஆள் முதுகில் சுமந்து கோபுரப் படி ஏற முடியுமா என்று பார்க்கவேண்டியிருந்தபோது மன்னன் வேடம் அவளுக்கு, சுமக்கிற வேடம் வீட்டுக்காரருக்கு. கீழ்த்தளத்திலிருந்து மொட்டைமாடிவரை அவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பார்த்தவர்கள் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். பழம் நன்றாக இருந்ததால் உண்மையைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"லிஃப்ட் வேலைக்குப் போனேன். கடைசியில லிஃப்ட்டாவே ஆயிட்டேன்" என்று வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் கோபமாகச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களில் லிஃப்ட் மாட்டுவது, பழுது பார்ப்பது, நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களை வெளியே எடுப்பது, இதுதான் அவர் உத்தியோகம். அவளுடைய நாவல் ஒன்றில் அகழிமேல் தூக்குப்பாலம் வந்தபோது, "இதுல என்னம்மா இருக்கு? இந்தப் பக்கம் ஒரு பாரம், அந்தப் பக்கம் ஒரு எதிர்ப்பாரம். ரெண்டும் சமமா இருந்தா ஒரு குழந்தைகூடத் தூக்கலாம்" என்று சொல்லி, அட்டையிலும் நூலிலும் ஒரு பாலம் செய்து கொடுத்தார். அந்த அத்தியாயத்தை எழுதிவிட்டு அவள் தரையில் நிற்கவில்லை. படித்தவர்களும் அந்தப் பாலத்தைத்தான் புகழ்ந்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் அவளிடம் கேட்டு வாங்கியது என்று ஒன்றுமே கிடையாது. கம்பெனியில் அவருக்குச் சிறந்த தொழிலாளி விருது கொடுத்த அன்று அவள் வேறோர் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, அந்தக் காலத்து அரண்மனைகளில் குளித்த தண்ணீர் எந்த வழியாக வெளியேறியது என்று படித்துக்கொண்டிருந்தாள். அவர் தனியாகப் போய் விருதை வாங்கிக்கொண்டு தனியாக வந்தார். வட்டமான பெரிய வெள்ளித் தட்டு. ஊரிலிருந்து திரும்பியவள் அதைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்து, முதலில் கேட்ட கேள்வி, "இதை ஒரு நாளைக்குக் கேடயமா எடுத்துக்கட்டுமா?" என்பதுதான். எடுத்துக்கோயேன் என்றார். அந்தத் தட்டில் இன்னும் ஒரு சொட்டை இருக்கிறது.

அவர் ஓய்வு பெறுகிற நாளும் வந்தது. அதற்கு முந்தின வாரம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனியில சின்னதா ஒரு விழா வெக்கறாங்க. நீ வரணும். வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"இதையெல்லாம் கேக்கணுமா? வராம இருப்பேனா?" என்றாள் அவள்.

அவர் ஊசியிலிருந்து தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்தார். குத்திக்காட்டுகிற பார்வை இல்லை அது. நம்பலாமா என்று கேட்கிற பார்வை. அது அவள் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. இந்த முறை வானமே இடிந்து விழுந்தாலும் போய் நிற்பது என்று உறுதி எடுத்துக்கொண்டாள். பேச்சை எழுதி, திருத்தி, மறுபடி எழுதி, கைப்பையில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அவர் கிளம்பும்போது வாசல்வரை போய், "முன்வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்க" என்றாள். அவர் முகமெல்லாம் சிரிப்பாகப் படி இறங்கினார்.

பாழாய்ப்போனது அவள் சீக்கிரமே தயாராகிவிட்டதுதான். குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, தலைவாரி, சாப்பிட்டும் முடித்துவிட்டாள். நாத்தனார் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் இருவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அவள் வர இன்னும் நேரம் இருந்தது. கோட்டையம்மாவின் கண் எழுதுகிற அறைப் பக்கம் போயிற்று.

அந்த அறைக் கதவில் ஒரு புதுப் பூட்டு இருந்தது. புதிது என்பது கதவுக்குத்தான். பூட்டு அரதப் பழசு. பழைய இரும்புக் கடையில் அதைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளங்கை அகல இரும்புப்பெட்டி, கதவின் இரண்டு பக்கமும் சாவித் துவாரம், விரல் நீளச் சாவி. தச்சரைக் கூப்பிட்டுக் கதவில் பதிக்கச் சொன்னாள். இதெல்லாம் இப்போது எழுதிக்கொண்டிருக்கிற நாவலுக்காக. அதில் அரண்மனைச் சமையற்கட்டில் வேலை செய்கிற ஒரு பெண்ணைத் தானியக் கிடங்கில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். அவள் கையில் இருப்பது ஒரே ஒரு கரண்டி. கரண்டியின் காம்பைத் தட்டி வளைத்து, கொக்கி மாதிரி ஆக்கி, உள்ளிருந்தே பூட்டைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள். யாருடைய தயவும் இல்லாமல், தன் சாமர்த்தியத்தால் மட்டும். கோட்டையம்மாவுக்கு அந்தப் பெண்மேல் கொள்ளைப் பிரியம்.

இன்னும் நேரம்தான் இருக்கிறதே, ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்தாள்.

கரண்டி நேற்றே தயாராகியிருந்தது. கைபேசியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள், சமையற்கட்டுப் பெண்ணிடம் கைபேசி கிடையாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திச் சாவியால் பூட்டினாள். சாவி கையில் இருந்தால் அவசரத்துக்கு எடுத்துவிடத் தோன்றுமே. அது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற துரோகம் அல்லவா? ஆகவே சாவியைக் கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, வளைத்த காம்பைத் துவாரத்துக்குள் விட்டாள்.

நன்றாகத்தான் போயிற்று. உள்ளே எதுவோ தட்டுப்பட்டது, கொஞ்சம் அசைந்தது. இன்னும் அழுத்தினாள், இன்னும் கொஞ்சம் அசைந்தது. ராஜ்ஜியமே கைக்கு வந்துவிட்டமாதிரி அவளுக்கு உச்சி குளிர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு திருகு திருகினாள். 'ணக்' என்று ஒரு சத்தம். காம்பு பாதியில் ஒடிந்து, கொக்கி துவாரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

எழுத்தாளர் புத்தி என்பது இதுதான். அவள் முதலில் செய்தது, பென்சிலை எடுத்துத் தாளில் 'ணக் என்ற ஒலி, பல்லில் கூசுகிறது' என்று குறித்துக்கொண்டது. குறித்து முடித்து, அடிக்கோடும் போட்ட பிறகுதான் அவளுக்குப் பகீர் என்றது. துவாரத்தில் இரும்புத் துண்டு அடைத்திருந்தால் வெளியிலிருந்தும் சாவி போகாது.

கதவை இழுத்தாள். அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு, மலைமாதிரி நின்றது. ஜன்னல் கிடையாது. உச்சியில் காற்றுக்கு ஒரு சின்னத் திறப்பு, அதிலும் கம்பி. அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் ஒரு வாள், மூலையில் ஒரு ஈட்டி, அலமாரிமேல் தலைக்கவசம், மேசையில் மதில்களை உடைக்கிற கவண் பொறியின் மாதிரி. ஒரு சிற்றரசைக் கைப்பற்றத் தேவையான அத்தனையும் இருந்தது. ஒரு கதவைத் திறக்கத்தான் ஒன்றும் இல்லை.

நாத்தனார் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் வாசற்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"அண்ணி! கிளம்பலாமா? வண்டி கீழ நிக்குது."

"நான் உள்ள இருக்கேன்."

"உள்ளன்னா எங்க?"

"தானியக் கிடங்குல."

நாத்தனாருக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். பெருமூச்சு விட்டுக்கொண்டு அறை வாசலுக்கு வந்தாள். "எந்த நூற்றாண்டு?"

"விளையாடாதே. கரண்டி ஒடிஞ்சு பூட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. சாவி அங்க தரையில கிடக்கும், போட்டுப் பாரு."

நாத்தனார் போட்டுப் பார்த்தாள். சாவி மூக்கை மட்டும் நுழைத்துவிட்டு நின்றுகொண்டது. கொண்டை ஊசியால் குத்திப் பார்த்தாள், ஊசி வளைந்தது. தோளால் இடித்துப் பார்த்தாள், தோள் வலித்தது.

"அண்ணனுக்கு போன் போடறேன்."

"ஐயோ, வேண்டாம்! உனக்குப் புண்ணியமாப் போகும்." கோட்டையம்மா உள்ளிருந்து கதவைத் தட்டினாள். "அவருக்காக அங்க எல்லாரும் வந்திருப்பாங்க. அவரைப் போய் இங்க வரச் சொல்லுவியா? பூட்டு ரிப்பேர்காரரைக் கூப்பிடு."

பூட்டு ரிப்பேர்காரர் ஊரின் மறுகோடியில் இருந்தார், பொழுது சாய்ந்துதான் வரமுடியும் என்றார். சத்தம் கேட்டுத் தபால்காரர் படியேறி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வெந்நீர் எதுவும் இல்லையே?" என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் கிட்டே வந்தார். அவரும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குடைந்து பார்த்தார். இரும்புத் துண்டு இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்போது நாத்தனாரின் கைபேசி அடித்தது. அண்ணன்தான். அவளுக்குக் கணக்கு வரும், பொய் வராது. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அண்ணே... வந்துக்கிட்டே இருக்கோம்."

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

நாத்தனார் எதிரே இருந்ததைப் பார்த்தாள். "கதவுவரைக்கும்."

அந்தப் பக்கம் பின்னால் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் கேட்டார், "உங்க அண்ணி கதவுக்கு எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்."

"பூட்டுக்குள்ள என்ன மாட்டியிருக்கு?"

"கரண்டி."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உள்ளே இருந்தவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. முன்வரிசையில் தனக்கென்று போட்டிருக்கிற நாற்காலியை நினைத்தாள். அதைக் காலியாக விட்டதுமட்டும் போதாதென்று இப்போது அவரையும் அங்கிருந்து கிளப்பியாயிற்று. அந்தச் சமையற்கட்டுப் பெண்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. பெரிய சாமர்த்தியசாலி! ஒரு கரண்டியை நம்பி இறங்கினாளே!

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் அல்ல, ஒரு படையே ஏறிவருகிற சத்தம். கூடத்தில் பேச்சும் சிரிப்புமாக நிறைந்தது. கம்பெனி மேனேஜரின் குரல் தனியாகக் கேட்டது.

"மாப்பிள்ளை இல்லாம கல்யாணம் எப்படிம்மா நடக்கும்? அதான் விழாவையே தூக்கிட்டு வந்துட்டோம். கேக்கு, பரிசு, ஆளுங்க, எல்லாம் வேனோட வந்தாச்சு."

கோட்டையம்மாவுக்கு மானம் போயிற்று. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டத்தில், யாரோ தரையில் உட்காருகிற அரவம். கருவிப் பையின் ஜிப் திறந்தது.

"சாப்பிட்டியா?"

அவர்தான். சத்தம் போடாத, அவசரமே இல்லாத குரல்.

"சாப்பிட்டேன்."

"காத்து வருதா? மேல அந்த ஓட்டைக்கு நேரா கையை நீட்டிப் பாரு."

"வருது."

"அப்ப ஒண்ணும் பயமில்ல. இப்ப ஒரு சத்தம் கேக்கும், சுரண்டற மாதிரி. பயப்படாதே. அது நான்தான்."

சுரண்டுகிற சத்தம் கேட்டது. அவள் பயப்படவில்லை.

"இப்ப எண்ணெய் விடறேன். வாசனை வரும். அதுவும் நான்தான்."

யாரோ ஓர் இளைஞன் தாழ்ந்த குரலில் இன்னொருவனிடம் சொன்னது அவளுக்குக் கேட்டது. "அண்ணே எப்பவும் இப்படித்தான். லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட முதல்ல பேசுவாரு, அப்புறம்தான் கருவியைத் தொடுவாரு. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இவரு ஏதோ சொந்தக்காரங்ககிட்டப் பேசறாருன்னு நெனச்சேன்."

கோட்டையம்மா அதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கம்பி வடம் எவ்வளவு கனம், கப்பி எப்படிச் சுழலும், எதிர்ப்பாரம் எங்கே தொங்கும் என்று அவள் அவரைத் துளைத்தெடுத்திருக்கிறாள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள், அவர்களிடம் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இருட்டில் ஒரு கூண்டுக்குள் கிடந்த எத்தனையோ பேர் இந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருந்திருக்கிறார்கள். கட்டிக்கொண்டவளுக்கு இன்றைக்குத்தான் அதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்கிறது.

"அம்மா" என்று மேனேஜர் கூப்பிட்டார். "அண்ணே வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்கட்டும். நாம விழாவை ஆரம்பிச்சிடலாம். எங்க வீட்டம்மா பேசப் போறாங்கன்னு காலையிலேருந்து எங்ககிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா."

"அண்ணி, உங்க பேச்சு கைப்பையில இருக்கில்ல? கதவுக்கடியில தள்ளட்டுமா?" என்றாள் நாத்தனார்.

கோட்டையம்மா யோசித்தாள். அந்தப் பேச்சு, அரசவையில் புலவர்கள் பாடுகிற தோரணையில் எழுதியது. 'வானுயர்ந்த மாடங்களில் மக்களை ஏற்றி இறக்கிய மாவீரரே' என்று ஆரம்பிக்கும். நேற்றுவரை அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

"வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு மேடையில பேச வராது. இங்க மேடை இல்ல, அதுவரைக்கும் தப்பிச்சேன்." வெளியே லேசாகச் சிரித்தார்கள். "நான் எழுதின புத்தகம் எல்லாமே இந்த ரூமுல எழுதினதுதான். இதே கதவு, இதே மாதிரி சாத்தியிருக்கும். நான் உள்ள இருப்பேன், அவரு வெளிய இருப்பாரு. இன்னிக்கிப் பூட்டு மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"உள்ள நான் யானைப்படையை நடத்திக்கிட்டு இருப்பேன். வெளிய வீட்டுச் சத்தம் கேக்கும். கேக்கும்னு சொல்றதைவிட, கேட்டுக்கிட்டு இருந்தது நின்னுபோகும்னு சொல்லணும். குழாய் சொட்டிக்கிட்டே இருக்கும், அப்புறம் சொட்டாது. இப்ப வெளியூர்ல இருக்கற எங்க பையன் சின்னவனா இருக்கும்போது வீறிட்டு அழுவான், உடனே படியில செருப்புச் சத்தம் இறங்கும். டிவி அலறும், சட்டுனு குறையும். யாராவது வந்து பெல் அடிச்சா, 'அவ வேலையா இருக்கா, என்கிட்டச் சொல்லுங்க'ன்னு ஒரு குரல் கேக்கும். அதெல்லாம் யாரு செய்யறாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல. வீடுன்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுட்டேன். குழாய் தானா நிக்கும், வீடு தானா அமைதியாகும்னு."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். வெளியே சுரண்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"இப்ப சொன்னீங்களே, ஒரு சத்தம் கேக்கும், பயப்படாதே, அது நான்தான்னு. நீங்க சொல்லும்போதுதாங்க எனக்கு உறைச்சுது. இத்தனை வருஷமா அந்தச் சத்தமெல்லாம் நீங்கதான். சத்தம் நின்னதும் நீங்கதான்.

"என் புத்தகத்துல முதல் பக்கத்துல நன்றின்னு போடுவேன். செத்துப்போன ராஜாவுக்குப் போட்டிருக்கேன். நூலகத்துக்குப் போட்டிருக்கேன். ஒரு தடவை எந்தக் குதிரைமேல ஏறிப் பழகினேனோ, அந்தக் குதிரைக்குப் போட்டிருக்கேன். கதவுக்கு அந்தப் பக்கம் உயிரோட இருந்த ஆளை விட்டுட்டேன். நீங்களும் ஒரு தடவைகூட, எனக்கு ஏன் போடலைன்னு கேக்கலை. அதனால இன்னிக்கி, உங்க ஆளுங்க எல்லாரும் கேக்கச் சொல்றேன். நன்றிங்க. நீங்க ஊர்ல எல்லாரையும் வெளிய எடுத்தீங்க. என்னை மட்டும் நிம்மதியா உள்ள இருக்க விட்டீங்க. நான் எழுத்தாளரா ஆனது அதாலதான்."

வெளியே நாத்தனார் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு படபடவென்று கை தட்டினார்கள். கோட்டையம்மா கூச்சத்தோடு, தரையில் கையை ஊன்றி எழுந்தாள். அவள் முதுகு விலகியதுதான் தாமதம், கதவு அசைந்து, ஒரு முனகல்கூட இல்லாமல் உள்பக்கமாகத் திறந்துகொண்டது.

கூடம் முழுக்க ஆட்கள். கேக் பெட்டியோடு மேனேஜர், சுவர்க்கடிகாரத்தைக் குழந்தைமாதிரி அணைத்துக்கொண்டு ஓர் இளைஞன், சீருடையில் தபால்காரர், முகம் சிவந்த நாத்தனார். வாசற்படியில் சம்மணமிட்டு அவர். புதிதாகப் பொத்தான் தைத்த சட்டையின் கையை மடித்துவிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு மெல்லிய குறடும் ஒடிந்த கொக்கியும் கிடந்தன. பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் முகத்தில் அசடு வழிந்தது. "எப்பத் தொறந்தீங்க?"

"நீ யானைப்படையை நடத்தும்போதே."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் நிதானமாகத் துடைத்தார்.

"லிஃப்ட்ல மாட்டினவங்க கதவு தொறந்ததும் போயிடுவாங்கம்மா. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, வேலைக்கு நேரமாகியிருக்கும், வீட்ல தேடுவாங்க. உள்ள இருக்கும்போது தெய்வமேம்பாங்க. வெளிய வந்தா நின்னு பேச யாருக்கு நேரம்? எனக்கும் அது பழகிப்போச்சு." துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். "நீ சொல்றதையாவது முழுசாக் கேட்டுக்கலாமேன்னுதான்."

அதற்குமேல் அவளால் அங்கே எழுத்தாளராக நிற்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அவர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவர் பிசுக்கு இன்னும் போகாத கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே தொட்டால் நல்ல உடுப்பு அழுக்காகுமோ என்று பார்த்து, கடைசியில் புறங்கையால் அவள் தலையைத் தட்டினார்.

அதற்குப் பிறகு ஒரே அமர்க்களம். கேக் வெட்டுகிற கத்தியைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். கோட்டையம்மா உள்ளே போய்ச் சுவரிலிருந்த தளபதியின் வாளை எடுத்துவந்தாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக் கேக்கை வெட்ட, கேக்கோடு அட்டைப்பெட்டியும் சேர்ந்து வெட்டுப்பட்டது. சொட்டை விழுந்த வெள்ளித் தட்டில்தான் துண்டுகளை வைத்து எல்லோருக்கும் நீட்டினார்கள். வீட்டில் உட்காரப் போகிறவருக்கு எதற்குக் கடிகாரம் என்று தபால்காரர் கேட்டார். அண்ணிக்கு எந்த நூற்றாண்டு என்று பார்த்துச் சொல்லத்தான் என்றாள் நாத்தனார்.

ஒவ்வொருவராக விடைபெற்றுப் போனார்கள். வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. நாத்தனாரும் மேலே போய்விட்டாள். கூடத்தில் சிந்தியிருந்த கேக்குத் துணுக்குகளை அவர் கூட்டப் போனார். கோட்டையம்மா துடைப்பத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"உக்காருங்க" என்றாள். "நீங்க முதமுதல்ல வெளிய எடுத்தது யாரை?"

அவர் ஆச்சரியத்தோடு பார்த்தார். "எதுக்கு? நாவல்ல வருதா?"

"இல்ல. எனக்குத் தெரியணும்."

"அது பெரிய கதையாச்சே" என்று சொல்லிவிட்டு, திறந்திருந்த கதவில் முதுகைச் சாய்த்து அவர் தரையில் உட்கார்ந்தார். அவளும் எதிரே உட்கார்ந்தாள். அவர் பழக்கதோஷத்தில் மேசைப் பக்கம் எட்டி, பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கி, எழுந்து அலமாரிமேல் இருந்த தலைக்கவசத்துக்குள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்குப் புதுசா வேலை கிடைச்சிருந்துது" என்று அவர் ஆரம்பித்தார். "ஒரு கர்ப்பிணிப் பொண்ணும், ஒரு பாட்டு வாத்தியாரும் உள்ள மாட்டிக்கிட்டாங்க..."

கோட்டையம்மா குறிப்பு எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.